வகுப்பறையில் பின்னணி ஒலி: முதன்முறை முயலும் ஆசிரியர்களுக்கு

யூடியூபில் ‘படிக்கும்போது கேட்க’ என்று தேடினால் மழைச் சத்தம், அருவி, காபிக் கடைச் சலசலப்பு என்று எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடும் வீடியோக்கள் வந்து கொட்டுகின்றன. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் கல்லூரி மாணவருக்கு அது போதும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் அதையே எடுத்துப் போட்டால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள், இரண்டு பேர் “சார், ஒன்னுக்கு” என்று எழுந்து நிற்பார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அந்தக் குணம் உண்டு.

ஆனாலும் சரியான நேரத்தில், சரியான அளவில் போட்டால் இது பயன் தருகிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பேசும்போது ஒலி கூடவே கூடாது. பிள்ளைகள் தனித்தனியாக எழுதும், வாசிக்கும், கணக்குப் போடும் நேரத்துக்கு மட்டும்தான் அது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

எப்போது போடலாம்

ஒரு பீரியடில் நீங்கள் பேசும் நேரம் இருக்கிறது, பிள்ளைகள் கூடிப் பேசிச் செய்யும் நேரம் இருக்கிறது, அவரவர் நோட்டில் குனிந்திருக்கும் நேரம் இருக்கிறது. முதல் இரண்டிலும் ஸ்பீக்கரைத் தொட வேண்டாம். பிள்ளைக்குப் பாடம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அறையில் உள்ள மற்றச் சத்தங்களைவிட ஆசிரியரின் குரல் 15 டெசிபலாவது (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக அதன் காதை எட்ட வேண்டும் என்பது ஒலியியலாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாம் பெரியவர்கள், காதில் விழாமல் போன சொல்லை வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகித்துவிடுவோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே புதிது; எதை வைத்து ஊகிக்கும்? ஆங்கில வழியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இன்னும் கஷ்டம்.

இதில் உங்கள் தொண்டையும் அடங்கியிருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இதை 1911இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பாரின் பெயரால் லொம்பார்ட் விளைவு என்பார்கள். நாள் முழுக்கக் கத்திவிட்டு மாலையில் வெந்நீர் பிளாஸ்கைத் தேடும் ஆசிரியருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் விளைவு நன்றாகத் தெரியும்.

சரி, தனி வேலை நேரத்தில் மட்டும் இது எப்படி உதவுகிறது? முக்கியமாகப் பேச்சுச் சத்தத்தை மூடுவதால். கவனத்தைக் கலைக்கும் சத்தங்களில் மனிதப் பேச்சுக்கு ஈடு கிடையாது. 1976இல் நடந்த ஒரு சோதனையில், ஜெர்மன் தெரியாதவர்களுக்கு எழுத்து வரிசைகளைக் காட்டி நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒருவர் வாசிப்பதை ஓட விட்டார்கள். ஒரு சொல்கூடப் புரியாத மொழி. ஆனாலும் தவறுகள் கூடின. அப்படியிருக்க, அடுத்த வகுப்பில் தமிழில் நடக்கும் சண்டை காதில் விழுந்தால் கணக்கு எங்கே ஓடும்? ஒரே சீராக ஓடும் மெல்லிய ஒலி, அந்தச் சொற்களின் விளிம்புகளை மழுங்கடித்துவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது.

முதலில் அறையைக் கேளுங்கள்

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளைகள் விளையாட்டு வகுப்புக்குப் போன நேரத்தில் உங்கள் அறையில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மொபைலில் சத்தம் அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது. அதனால் என்ன, நமக்கு வேண்டியது ஒப்பீடுதான். ஃபேன் நின்றிருக்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, ஜன்னல் சாத்தினால் எவ்வளவு என்று ஒரே மொபைலில், ஒரே இடத்தில் வைத்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊரில் சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர், மூன்று பழைய ஃபேன் உள்ள அறையில் யாருமே இல்லாதபோதுகூட 50ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் தூரத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கச் சொல்லும் விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் இருக்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. ஆடி மாதம் தெருமுனையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டும்போது அந்த விதியை யார் நினைக்கிறார்கள் என்பது வேறு கதை.

குறைக்க முடிந்த சத்தத்தைக் குறைக்காமல் அதன்மேல் இன்னொரு சத்தத்தைப் போடுவதில் அர்த்தமே இல்லை. இதற்கு நான் சொல்லும் உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. மன்ஹாட்டனின் வடக்கே, பிஎஸ் 98 என்ற பள்ளிக் கட்டடத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி உயர்த்தப்பட்ட ரயில் பாதை ஓடுகிறது. உளவியலாளர் அர்லைன் பிரான்சாஃப்ட், ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்தவர்களையும் மறுபக்கத்து அமைதியான வகுப்புகளில் படித்தவர்களையும் ஒப்பிட்டு 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே பள்ளி, ஆனாலும் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் பொருத்தினார்கள், வகுப்பறைகளின் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் போட்டார்கள். 1981இல் அவர் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. யாரும் அங்கே மழைச் சத்தம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மால் தண்டவாளத்தை மாற்ற முடியாது. ஆனால் கிறீச்சிடும் பெஞ்ச் காலுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டலாம். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு ஒரு கொக்கி மாட்டலாம். ‘டக், டக்’ என்று தட்டும் ஃபேனை எலக்ட்ரீஷியனிடம் காட்டலாம். பின்சுவரில் வெறும் சுண்ணாம்பு தெரியாமல் துணி பேனர், சணல் சாக்கில் தைத்த காட்சிப் பலகை ஏதாவது தொங்கவிட்டால் எதிரொலி கொஞ்சம் அடங்கும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு ஒன்று புலப்படலாம்: உங்கள் வகுப்பில் ஏற்கெனவே ஒரு பின்னணி ஒலி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தட்டாமல், முனகாமல் ஒரே சீராகச் சுற்றும் ஃபேனின் இரைச்சலும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அடுத்த வகுப்புப் பேச்சு அதிலேயே அமுங்கிவிட்டால் உங்களுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை.

எந்த ஒலி

தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும். அந்த ஒலியில் ‘என்ன அது?’ என்று தலை திரும்பும்படி ஏதாவது நடக்கிறதா? நடந்தால் அது வேண்டாம். மழை சரி, இடி கூடாது. இலைச் சலசலப்பு சரி, திடீரென்று கூவும் குயில் கூடாது. அலை ஓசை பலருக்குப் பிடிக்கும், ஆனால் ஏறி இறங்கி வருவதால் சின்னப் பிள்ளைகள் அதோடு சேர்ந்து பென்சிலால் தாளம் தட்டுவார்கள். காபிக் கடைச் சலசலப்பு என்று கிடைப்பதில் பேச்சு இருக்கிறது. நாம் மூட நினைப்பதே பேச்சைத்தான்.

பாட்டு? கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். “சார், பிஜிஎம் மட்டும் போடுங்க சார், வரி வராது.” வரி வராதுதான். ஆனால் மெட்டு தெரிந்திருந்தால் வரி தானாக மனசில் ஓடும், கடைசி பெஞ்ச் உதட்டை அசைக்கும். புல்லாங்குழலில் வாசித்த சினிமாப் பாட்டுக்கும் இதே கதிதான். எழுதும் வேலைக்குப் பாட்டு வேண்டாம். ஓவியம், கைவேலை வகுப்பு என்றால் தாராளமாகப் போடுங்கள், அங்கே சொல்லோடு சொல் மோதுவதில்லை.

நம்மிடமே நல்ல ஒலி ஒன்று இருக்கிறது: தம்பூரா சுருதி. முன்னும் பின்னும் இல்லாமல் ஒரே நிலையில் நிற்கும். இலவசத் தம்பூராச் செயலிகள் நிறைய உண்டு. கொஞ்சம் தாழ்ந்த சுருதியில், மெதுவாக வைத்துப் பாருங்கள். ஆனால் சிலருக்கு அது கோயில், பஜனை என்று நினைவுபடுத்தும், சிலருக்குப் பத்து நிமிடத்தில் தூக்கம் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் பீரியடில் இதைத் தவிர்ப்பது நல்லது.

வெள்ளை இரைச்சல், இளஞ்சிவப்பு இரைச்சல், பிரவுன் இரைச்சல் என்ற பெயர்களையும் பார்த்திருப்பீர்கள். மூன்றுமே சீரான ‘ஸ்ஸ்ஸ்’ ரகம்தான். வெள்ளையில் கனத்த ஒலி முதல் கீச்சொலி வரை எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே வலு என்பதால் காதுக்குக் கூர்மையாக, பழைய டிவியில் சேனல் வராதபோது கேட்பதுபோல் இருக்கும். இளஞ்சிவப்பில் மேல் அதிர்வெண்கள் படிப்படியாகக் குறைவதால் சீரான மழைக்குப் பக்கத்தில் வரும். பிரவுனில் இன்னும் வேகமாகக் குறையும். தூரத்து அருவியின் கனத்த உறுமல். அது நிறத்தின் பெயரல்ல, ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளரின் பெயர். வகுப்புக்கு நான் இளஞ்சிவப்பையே சொல்வேன். காரணம் எளிது: மொபைலிலும் உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரிலும் கனத்த ஒலிகள் சரியாக வெளியே வராது. ஹெட்போனில் அருமையாகக் கேட்ட பிரவுன் இரைச்சல், மொபைல் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் கரகரக்கும்.

கோப்பை எங்கே எடுப்பது? யூடியூப் வேண்டவே வேண்டாம். நடுவில் வரும் விளம்பரம் ஒன்று போதும், அந்தப் பீரியட் போச்சு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே செய்யலாம். ஒலியை உருவாக்கும் மெனுவில் இரைச்சல் என்ற பிரிவைத் திறந்து, இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைப் பதினைந்து நிமிடம் என்று கொடுத்தால் ஒலி தயார். முதல் பத்து நொடியைத் தேர்ந்தெடுத்து மெல்ல ஏறும்படியும், கடைசிப் பத்து நொடியை மெல்ல இறங்கும்படியும் வைத்துவிடுங்கள். எம்பி3 ஆகச் சேமிக்கும்போது தரத்தை மிகவும் குறைக்காதீர்கள். இரைச்சல் ஒலிகளை அதிகமாகச் சுருக்கினால் தண்ணீருக்குள் பேசுவதுபோல் நெளியும். அரை நிமிட மழையைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கோப்புகளும் வேண்டாம். ஒட்டுப் போட்ட இடத்தைப் பிள்ளைகள் மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அதை எண்ணுவதுதான் அவர்களுக்கு வேலை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதுகூட வேண்டாம். 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் அணுகல்தன்மை அமைப்புகளில் பின்னணி ஒலிகள் என்றே ஒரு வசதி இருக்கிறது. மழை, கடல், ஓடை, மூன்று வகை இரைச்சல் எல்லாம் இணையம் இல்லாமலே ஓடும்.

எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையில் வைத்தால் முதல் பெஞ்சுக்கு இரைச்சல், கடைசி பெஞ்சுக்கு ஒன்றுமில்லை. பீரோ மேல், பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கும்படி, வாயைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுக்கப் பரவும், எங்கிருந்து வருகிறது என்றும் சட்டெனத் தெரியாது. தெருச் சத்தமோ வராந்தாச் சத்தமோ ஒரே பக்கத்திலிருந்து வந்தால் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது.

அளவுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒலியை ஓடவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் போய் நில்லுங்கள். முதல் பெஞ்சில் உள்ள ஒரு பிள்ளையைப் பாடப்புத்தகத்தின் ஒரு வரியைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். புரியவில்லையா, குறையுங்கள். அடுத்த வகுப்பிலிருந்து வரும் பேச்சில் சொல் புரியாமல் சத்தம் மட்டும் கேட்டால் அளவு சரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் இடம். இரண்டும் ஒரே நேரத்தில் அமையவில்லை என்றால் அடுத்த வகுப்பின் சத்தம் மூடக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது. அந்த வகுப்பு ஆசிரியரிடம் பேசுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

எண் வேண்டுமென்பவர்களுக்கு: அறையில் ஏற்கெனவே 50 டெசிபல் இருந்து, நீங்களும் அதே வலுவில் ஒரு ஒலியைச் சேர்த்தால் 100 ஆகாது, 53தான் ஆகும். டெசிபல் கணக்கு அப்படி. ஆக, செயலி காட்டும் எண் மூன்றிலிருந்து ஐந்து வரை கூடினால் போதும். அதற்கு மேல் போனால் நீங்கள் இரைச்சல் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாளே முழுப் பீரியடும் போடாதீர்கள். பத்து நிமிடம் போதும். புதிய ஒலி என்பதால் முதல் இரண்டு மூன்று நாள் சிரிப்பு, கிண்டல், ‘சார், மழை பெய்யுது குடை எடுத்துட்டு வரலை’ எல்லாம் இருக்கும். கண்டுகொள்ள வேண்டாம், தானாக அடங்கும்.

நேரமும் வேலையும் மாறாமல் இருக்கட்டும். செவ்வாய் வெள்ளி தமிழ்க் கட்டுரை எழுதும் நேரம், அல்லது தினமும் கணக்குப் பீரியடின் கடைசிப் பத்து நிமிடம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசையும் மாறக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், கரும்பலகையில் எழுதுங்கள், சந்தேகங்களைக் கேட்டு முடியுங்கள். அப்புறம்தான் ஒலி. ஓட ஆரம்பித்த பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. உதவி தேவைப்படும் பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள். எல்லோருக்கும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஒலியை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தில், ஒலி ஏற ஆரம்பித்ததும் பிள்ளைகள் தாமாகவே பேனாவை எடுப்பார்கள். இதில் ஒலியின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பாதிக்கு மேல் பழக்கம்தான் என்பது என் எண்ணம். இருந்துவிட்டுப் போகட்டும், “அமைதி, அமைதி” என்று மேசையைத் தட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

மொபைலையே பயன்படுத்தினால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். நடுவில் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தால் ரிங்டோன் ஸ்பீக்கரில் அலறும். தலைமையாசிரியரிடமும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் ‘ஏழாம் வகுப்பில் ரேடியோ ஓடுது’ என்று ஓய்வறையில் பேச்சு கிளம்பும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது

இதைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்குக் கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். அடிக்கடி காதில் சீழ் வரும் பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, சத்தம் கேட்டால் தலைவலிக்கும் பிள்ளை என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். எல்லோர் முன்னாலும் “யாருக்குப் பிடிக்கலை?” என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே தொந்தரவு என்றால் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் ஒலி வேண்டாம்.

ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைகளுக்கு இரைச்சல் நல்லது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அடிப்படை உண்டு. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வெள்ளை இரைச்சல் ஓடும்போது ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளின் நினைவுகூரல் மேம்பட்டது என்று எழுதினார்கள். அதே ஆய்வில் மற்றப் பிள்ளைகளின் நினைவுகூரல் குறைந்தது என்ற பாதியை வாட்ஸ்அப் விட்டுவிடுகிறது. 2024இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே படம்தான்: ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குச் சிறிய நன்மை, இல்லாதவர்களுக்குச் சிறிய பாதகம். இணையத்தில் கொண்டாடப்படும் பிரவுன் இரைச்சலைச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட அந்தத் தேடலில் கிடைக்கவில்லை. அந்த ஸ்வீடன் சோதனையில் ஒலி 80 டெசிபலை ஒட்டி இருந்தது. அது பரபரப்பான சாலையோரச் சத்தம். அந்த அளவை வகுப்பில் வைக்கவே கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் தேவைப்படுகிறது என்றால், பெற்றோரிடமும் சிறப்புக் கல்வி ஆசிரியரிடமும் பேசி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஹெட்போனில் தாழ்வாகக் கொடுப்பதுதான் வழி.

பயன் இருக்கிறதா என்று பார்ப்பது

‘வகுப்பு அமைதியாக இருந்தது’ என்பது போதாது. அமைதியாக இருந்துகொண்டு ஒன்றும் எழுதாமலும் இருக்கலாம். ஒரே மாதிரி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கணக்கு, அல்லது பதினைந்து நிமிடத்தில் எழுதும் ஒரு பத்தி. இரண்டு நாள் ஒலியோடு, இரண்டு நாள் ஒலி இல்லாமல், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை சரி, எத்தனை முறை நீங்கள் “பேசாதே” என்று சொன்னீர்கள். இந்த மூன்றை மட்டும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்தால் போதும். திங்கட்கிழமை காலையையும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடையும் ஒப்பிட்டுவிடாதீர்கள், அதற்கு எந்த ஒலியும் பொறுப்பாகாது. மூன்று வாரம் பார்த்தும் வித்தியாசம் இல்லையென்றால் ஸ்பீக்கரை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாட்டுக் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. படித்த சூழலும் தேர்வு எழுதும் சூழலும் ஒத்திருந்தால் படித்தது நினைவுக்கு வருவது சற்று எளிது. பொதுத்தேர்வு அறையில் மழைச் சத்தம் இருக்காது. ஃபேனும் பேப்பர் புரட்டும் சத்தமும் கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தமும்தான் இருக்கும். அதனால் அரையாண்டு முடிந்து ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கும்போதே ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து பிப்ரவரியில் அடியோடு நிறுத்திவிடுங்கள். ஏன் நிறுத்துகிறோம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள்.